இடது ஓரத்துப் பட்டன்கள்

ஜனவரி 12

அன்பு உண்டு, அடக்கம் மட்டும் இல்லாத என் மருமகள் பட்டாணிக்கு,

பதினாறு பட்டன்களின் ஏகச்சக்கரவர்த்தியும், இந்த ஊர் லிப்டுகளின் தலைமை வைத்தியனும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமாகிய மாமா எழுதுவது. நான் நலம். உன் அத்தையும் நலம், என்னைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு.

உறைக்குள் நகத்தளவில் ஒரு கார்டு இருக்கும். பிரிக்கிற வேகத்தில் அதையும் பிய்த்துவிடாதே, நம் புதுப்பாட்டு முழுக்க அதற்குள்தான் குடியிருக்கிறது. இன்டர்நெட்டில் அனுப்பினால் என்ன என்று நீ கேட்பாய். கேட்ட சத்தத்தைப் பிடித்துப் பட்டனில் அடைத்து வைக்கிற என் சாம்ப்ளர் பெட்டிக்கு இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது, தெரியாமலே மானத்தோடு வாழ்கிறது. வெறும் கார்டை மட்டும் உறையில் போட்டு அனுப்புவது தலையில்லாமல் தொப்பியை மட்டும் அனுப்புவது மாதிரி இருப்பதால் கடிதமும் எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் உன் பெயரைக் கண்டதும் அத்தை பறித்துக்கொள்கிறாள். அது என் கைக்குத் திரும்பும்போது சூடாக இருக்கிறது, பேட்டரி செத்திருக்கிறது.

பாட்டில் 'ஹ்ஹ்ஹா' என்று ஒரு சத்தம் வரும், கவனி. பல்வைத்தியர் கட்டடத்து லிப்டுக் கதவு அது. பல் பிடுங்க வந்தவர்கள் அத்தனை பேருடைய பெருமூச்சையும் வருஷக்கணக்காகச் சேமித்து வைத்து, மூடும்போது மொத்தமாக விடுகிறது. பழுது பார்க்கப் போனவன் பெட்டியைக் கதவோரம் வைத்து அதைப் பிடித்து ஒரு பட்டனுக்குள் அடைத்துவிட்டேன். இப்போது பட்டனைத் தட்டினால் கதவு மூச்சு விடும், தட்டாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்கும். இந்த ஒழுக்கம் எந்த லேப்டாப்பில் உண்டு?

பக்கத்து வீட்டு கிதார்க்காரர் போன வாரம் தன் பாட்டைப் போட்டுக்காட்டுகிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தார். அது அப்டேட் ஆகத் தொடங்கியது. ஆனது, ஆனது, ஆகிக்கொண்டே இருந்தது. நாங்கள் டீ குடித்தோம். எனக்குத் தாடி முளைத்தது. இரண்டு அரசாங்கங்கள் கவிழ்ந்திருக்கும். கடைசியில் பாஸ்வேர்டு தப்பு என்றது. என் பெட்டியோ, சுவிட்சைப் போட்டால் 'சொல்லுங்க எஜமானே' என்று நிற்கும்.

ஒரே ஒரு மனக்குறை. பெட்டியின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நிற்கும் நாலு பட்டன்களுக்கும் காது மந்தமாகிவிட்டது. தட்டினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் சத்தம் போடுகின்றன. அழுக்காக இருக்கும், துடைத்துப் பார்க்கிறேன்.

பெரிய செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு மாலை நூலக அரங்கு நமக்கு. 'மாமா அண்ட் கம்பெனி' முதன்முறையாக மேடை ஏறுகிறது! மாமா நான், கம்பெனி நீ. நூலகர் அம்மா, "ரொம்பச் சத்தமா இருக்குமா?" என்று கேட்டார். "பூகம்பத்தை விடக் கொஞ்சம் கம்மிதாங்க" என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தக் கடிதத்தை மேசையில் இடது முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கைவைத்தபடி எழுதுகிறேன். "மேசை வாங்கினது கன்னத்தைத் தாங்கவா? எப்பப் பார்த்தாலும் கப்பல் கவுந்த மாதிரி" என்று அத்தை இதோ இப்போதுகூடச் சொல்லிவிட்டுப் போகிறாள். சங்கீதம் இப்படித்தான் கேட்கவேண்டும் என்பது அவளுக்கு எங்கே தெரியும்.

கிரீடம் சற்றே சாய்ந்த
உன் மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமா,

கார்டு உயிரோடு வந்து சேர்ந்தது. அந்தக் கதவுப் பெருமூச்சைக் கேட்டு ஆபீசிலேயே சிரித்துவிட்டேன். பஸ் நேர அட்டவணை போடுகிற இடத்தில் யாரும் சிரிப்பதில்லை, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாட்டை லேப்டாப்பில் ஏற்றி, என் பங்குக் குரலையும் கீபோர்டையும் சேர்த்து, அதே கார்டில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாமா, கோபிக்காமல் கேளுங்கள். உங்கள் பெட்டி மாதிரி நூறு பெட்டி இதற்குள் இருக்கிறது. தப்பு செய்தால் ஒரு தட்டில் பழையபடி ஆக்கிவிடலாம். உங்கள் பெட்டியின் தீப்பெட்டித் திரையில் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. இதில் நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் சின்ன மலை மாதிரி நிற்கும், எந்த மலை எங்கே நிற்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

கச்சேரிக்கு முன்னால் நீங்களும் லேப்டாப்புக்கு மாறிவிட்டால் என்ன? மேடையில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால்கூட அது பார்த்துக்கொள்ளும். நான் சொல்லித் தருகிறேன்.

இன்னொன்று. அந்த மந்தமான பட்டன்களை எந்தக் கையால் தட்டுகிறீர்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

அத்தையிடம், அடுத்த தடவை போனைச் சூடாவதற்கு முன்பே உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்
பட்டாணி


பிப்ரவரி 5

கம்ப்யூட்டர் சமஸ்தானத்து மகாராணிக்கு,

பாட்டைக் கேட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். இவ்வளவு சுத்தமாகவா வாசித்தேன்? ஒரு தட்டுகூடப் பிசகவில்லை! பட்டாளத்தார் நடக்கிற மாதிரி ஒவ்வொன்றும் விறைத்து நிற்கிறது. வாசிக்கும்போது ஏதோ நொண்டுகிற மாதிரி எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டால் ஒன்றுமே இல்லை. வித்வான்களுக்கு வருகிற வீண் கவலை என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பட்டன் விவகாரம் மர்மக் கதையாகிவிட்டது. துடைத்தேன், ஊதினேன், அத்தையின் மேக்கப் பிரஷ்ஷால் தூசி தட்டினேன் (இந்த வரியைப் படித்ததும் மறந்துவிடு). மந்தம் போகவில்லை. அப்போது என் மூளையில் மின்னல் அடித்தது. பெட்டியை மேசையிலேயே அரைவட்டம் சுற்றி, மேல் ஓரம் என் பக்கம் வரும்படி வைத்தேன். இடது ஓரம் வலது பக்கம் வந்துவிட்டது, வலது ஓரம் இடது பக்கம். தட்டினேன். என்ன ஆச்சு தெரியுமா? நேற்று வரை செவிடாக இருந்த நாலும் இன்று கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகின்றன! நேற்று வரை சமர்த்தாக இருந்த வலது ஓரத்து நாலும் இப்போது மந்தம்!

நோய் நடந்து போயிருக்கிறது, பட்டாணி. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு. இதை விஞ்ஞானிகளுக்குச் சொன்னால் கூட்டம் போடுவார்கள்.

நான் கண்டுபிடித்த பேருண்மை: கோளாறு பெட்டியில் இல்லை, மேசையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பிரிட்ஜ். அதிலிருந்து ஏதோ காந்த சக்தி கிளம்பி என் பட்டன்களை மயக்குகிறது. உடனே பிரிட்ஜை ஹாலுக்கு நகர்த்தினேன். இப்போது டிவி பார்க்கிறவர்கள் தண்ணீர் எடுக்க எழுந்திருக்கவே வேண்டாம். அத்தைக்கு இந்த வசதியின் அருமை தெரியவில்லை. "உங்களுக்கு வேற வேலையே இல்லையா? நாளைக்கு அடுப்பைத் தூக்கிட்டுப் போய் பெட்ரூம்ல வைப்பீங்க" என்றாள். பிரிட்ஜ் போன பிறகும் மந்தம் அப்படியே இருக்கிறது என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அவளுக்குச் சொல்லாத இன்னொன்று: நேற்று லிப்டுக் குழிக்குள் என் ஸ்பேனர் தற்கொலை செய்துகொண்டது. கையில் பத்திரமாகப் பிடித்திருந்தேன், அது பாட்டுக்கு நழுவிப் போய் ஆறு மாடி விழுந்தது. விழுந்த சத்தம் அற்புதம்! பெட்டி கையோடு இல்லாமல் போயிற்றே என்றுதான் வருத்தம்.

எந்தக் கையால் தட்டுகிறேன் என்றா கேட்டாய்? இடது ஓரத்தை இடது கையால், வலது ஓரத்தை வலது கையால். வேறு எப்படித் தட்டுவார்கள்? உங்கள் ஊரில் காலால் தட்டுவார்களோ?

லேப்டாப்புக்கெல்லாம் நான் வரமாட்டேன். இவ்வளவு சுத்தமாக வாசிக்கிறவனுக்கு எதற்கு அது?

விஞ்ஞானத்துக்கும் அத்தைக்கும் நடுவில் மாட்டிய
மாமா


பிப்ரவரி 16

அன்புள்ள மாமா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். எப்படி எழுதுவதென்று புரியவில்லை, அதனால் ஒரே ஒரு உதவி மட்டும் கேட்கிறேன்.

பெட்டியைப் பழையபடி திருப்பி வையுங்கள். இடது ஓரத்துப் பட்டன் ஒன்றை முதலில் இடது கை மோதிர விரலால் கொஞ்ச நேரம் தட்டுங்கள், பிறகு சுண்டு விரலால். அதன் பிறகு அதே பட்டனை வலது கையால். அதை மட்டும் பதிந்து அனுப்புங்கள். பாட்டு வேண்டாம்.

காலையில் எழுந்ததும் அந்த இரண்டு விரலும் மரத்த மாதிரி இருக்கிறதா? சும்மா கேட்கவில்லை இந்தத் தடவை.

லிப்டுக் குழிக்குள் கொஞ்ச நாளைக்கு இறங்காமல் இருக்க முடியுமா? உங்களோடு வேலை செய்கிறவர்கள் இறங்கட்டும்.

பட்டாணி


மார்ச் 1

பட்டாணிக்கு,

நீ கேட்ட கார்டு இந்த உறையில் இல்லை. முழுக்கப் படி, ஏன் என்று தெரியும்.

பெட்டியை எடுத்துக்கொண்டு ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரன் திறந்து பார்த்தான், மூடினான், தட்டினான். "அண்ணே, பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றான். "இடது ஓரத்தைத் தட்டுப்பா" என்றேன். இடது கையாலேயே தட்டினான். டக் டக்கென்று பேசியது. "இப்ப நீங்க தட்டுங்க" என்றான். நான் தட்டினேன். யோசித்துவிட்டுப் பேசியது. அவன் என் முகத்தைப் பார்த்தான், நான் பெட்டியின் முகத்தைப் பார்த்தேன். "பெட்டிக்கு என் மேல ஏதோ கோபம் போல" என்றேன். அவன் சிரிக்கவில்லை. ரிப்பேருக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. ரிப்பேர்க்காரன் ஒன்றும் வாங்காவிட்டால் எனக்குப் பயமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். நான் வாசித்தது பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. நீ திருப்பி அனுப்பியது கார்டில் இருக்கிறது. ஒன்றை அடுத்து ஒன்றாகப் போட்டேன். ஒரே ஆள், ஒரே பாட்டு, அதே கதவுப் பெருமூச்சு. பெட்டிக்குள் இருக்கிறவன் இடது காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறான். கார்டில் இருக்கிறவன் பட்டாளத்தான்.

நம் பழைய பாட்டுகளையும் போட்டேன். போன கோடையில் செய்தது வரைக்கும் இரண்டிலும் ஒரே ஆள்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு பாட்டிலும் பெட்டிக்காரன் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் நொண்டுகிறான். கார்டுக்காரன் அப்படியே நிமிர்ந்து நிற்கிறான்.

நீ எனக்கு இஸ்திரி போட்டிருக்கிறாய்.

கண்ணாடியில் கும்பிடு போட்டேனே, அது யாருக்கு? எனக்கா, உன் லேப்டாப்புக்கா? உண்மையாகவே தெரியவில்லை, அதனால் கேட்கிறேன். நான் நன்றாக வாசித்தேன் என்று நீ சொன்ன பாட்டுகளில் எது நான் வாசித்தது? கோபப்படலாம் என்று உட்கார்ந்தேன், யார் மேல் என்று தெரியவில்லை. பெட்டி மேல் கோபப்பட்டுக் கோபப்பட்டு அலுத்துவிட்டது. பிரிட்ஜை மறுபடி சமையலறைக்கே நகர்த்திவிட்டேன்.

ஏப்ரல் கச்சேரியை யோசிக்க வேண்டும். லேப்டாப் தனியாகவே வாசித்துக்கொள்ளுமே. மாமா எதற்கு?

மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமா,

ஆமாம். நான்தான் செய்தேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். உங்கள் தட்டுகள் திரையில் மலை மலையாக நிற்கும் என்றேனே, அதில் இடது கையின் மலைகள் மட்டும் கோட்டைத் தாண்டித் தள்ளி நின்றன. ஏதோ சோர்வாக வாசித்திருப்பீர்கள் என்று நினைத்து, கோட்டுக்கு இழுத்து வைத்தேன். லேப்டாப்பில் அது ஒரு தட்டுதான் மாமா. நாள் முழுக்கத் தாமதமாக வருகிற பஸ்களை அட்டவணைக்குள் இழுத்து வைக்கிறவள் நான், கை தானாகப் போய்விட்டது. அடுத்த கார்டில் இன்னும் தள்ளி நின்றன. அப்போது சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். இழுத்து வைத்தேன். அதற்கடுத்ததிலும்.

நான் நேராக்காமல் அனுப்பியிருந்தால் உங்கள் காதே உங்களுக்குச் சொல்லியிருக்கும். எப்போதோ டாக்டரிடம் போயிருப்பீர்கள். ஸ்பேனர் விழுந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், கை இப்படி ஆவது எதனால் என்று தேடிப் படித்துத்தான் அந்த இரண்டு விரல்களைப் பற்றிக் கேட்டேன். அடுத்த தடவை விழப்போவது ஸ்பேனர் மட்டும்தானா?

எது நீங்கள் என்று கேட்டீர்கள். பெட்டிக்குள் இருப்பவர்தான் நீங்கள். இதில் எனக்குக் குழப்பமே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

டாக்டரிடம் போங்கள். கச்சேரியை அப்புறம் பார்க்கலாம். அத்தையிடம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உங்கள்
பட்டாணி


மார்ச் 25

அன்புள்ள மாமா,

பதில் இல்லை. போன் செய்தால் நீங்கள் எப்போதும் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். உலகத்திலேயே சுத்தமான மாமா எனக்குத்தான் வாய்த்திருக்கிறார்.

இன்று காலை அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இந்த மனுஷன் பிரிட்ஜைத் தூக்கினப்பவே எனக்குத் தெரியும்டி, எங்கயோ என்னவோ சரியில்லன்னு" என்றார். அப்புறம் இரண்டே வார்த்தையில் பேச்சை முடித்துக்கொண்டார். போன் சூடாகவேயில்லை.

என் மேல் கோபமாகவே இருங்கள். டாக்டரிடம் கோபத்தோடு போனாலும் பார்ப்பார்.

நூலக அரங்கை நான் ரத்து செய்யவில்லை. நீங்கள் சொன்னால் செய்கிறேன். நீங்கள் இல்லாமல் அங்கே ஏறமாட்டேன், லேப்டாப்பையும் ஏற்றமாட்டேன்.

பட்டாணி


ஏப்ரல் 14

ராஜத்துரோகிக்கு,

என்னைக் காட்டிக்கொடுத்தவளே, நன்றாக இருக்கிறாயா?

நீ போனை வைத்த கையோடு என்னைக் கைது செய்தார்கள். அத்தை முன்னால், நான் நடுவில், உன் அம்மா பின்னால். அகில உலகமும் திரண்டு வந்து வழியனுப்பியது என்று எழுதலாம், ஆனால் பக்கத்து வீட்டு கிதார்க்காரர் மட்டும்தான் எட்டிப் பார்த்தார்.

டாக்டர் என் விரல்களைக் கிள்ளினார், குத்தினார், ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தேன். இழுத்தார், வந்துவிட்டது. வலது கையில் வரவில்லை. அப்புறம் முழங்கையில் ஒரு இடத்தைத் தட்டினார். சுண்டு விரல் வரைக்கும் மின்சாரம் ஓடியது. "இந்த வழியாப் போற நரம்பு நசுங்கியிருக்கு. முழங்கையை ரொம்ப நேரம் எங்கயாவது ஊன்றி உட்கார்ற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அத்தை எழுந்து நின்றாள். "டாக்டர், மேசை, கன்னம், கப்பல்" என்று தொடங்கி, எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்து வைத்தாள். டாக்டர் எழுதிக்கொள்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இவ்வளவு பெரிய வெற்றி அவளுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆக, மேசையின் இடது பக்கத்தில்தான் கோளாறு என்று நான் சொன்னதில் தப்பே இல்லை, பார்த்தாயா? என் விஞ்ஞானம் ஒரு முழம்தான் தள்ளிப்போயிருக்கிறது. பிரிட்ஜிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது தூங்கும்போது கையை மடக்கக்கூடாது என்று ஒரு கட்டு. கவசம் போட்ட தளபதி மாதிரி படுத்துக்கிடக்கிறேன். லிப்டுக் குழிக்கு என்னை அனுப்பமாட்டேன் என்கிறார்கள், பட்டறையில் உட்கார்ந்து மோட்டார்களுக்குப் புத்தி சொல்கிறேன். "விரல் பழையபடி ஆயிடுமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "ஆகலாம். கொஞ்சம் ஆகலாம். சீக்கிரமே வந்திருந்தா நல்லா ஆகியிருக்கும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை உன்னிடமிருந்து மறைக்கலாமா என்று யோசித்தேன். மறைத்தால் நானும் உனக்கு இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் எழுதிவிட்டேன். இனி அதைப் பற்றி நாம் பேச வேண்டாம், அல்லது நிறையப் பேசலாம். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று தேடிப் பார்த்தேன். ஒரு மூலையில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் பெட்டியைப் போல உத்தமமான பெட்டி உலகத்தில் இல்லை, நான் நொண்டினால் நொண்டியபடியே வைத்திருந்தது. ஆனால் அது நொண்டுகிறது என்று என்னிடம் சொல்லவில்லை. உன் லேப்டாப் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டது, கண்டுபிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. இதில் எது பெரிது என்று பக்கத்து வீட்டு கிதார்க்காரரோடு ஒரு பகல் முழுக்க விவாதித்தேன். கடைசியில் அவர் என் பக்கம் பேசிக்கொண்டிருந்தார், நான் அவர் பக்கம் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

நூலகர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். என் கைக் கதையைக் கேட்டுவிட்டு, "ரத்து செஞ்சிடலாமா?" என்றார். "அம்மா, சக்கரவர்த்திகள் ரத்தாவதில்லை" என்றேன். "சத்தம்?" என்றார். "பாதிப் பூகம்பம்" என்றேன்.

இந்த உறையில் கார்டு இருக்கிறது. பாட்டைக் கேள். அதில் வருகிறவன் நொண்டுவான், அவனை நிமிர்த்தாதே. அவன் தாமதமாக வந்தால் நீ காத்திரு. தாமதமாக வருகிற பஸ்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவள் நீ, ஒரு மாலை ஒரு மாமாவுக்காகக் காத்திருக்க உனக்கு வராதா?

கேட்கும்போது இன்னொன்றைக் கவனிப்பாய். கதவுப் பெருமூச்சு வரவேண்டிய இடத்தில் வராது. உறையைக் கிழிக்கும்போது விழுந்துவிட்டதோ என்று தேடாதே. இடது ஓரத்து நாலு பட்டன்களையும் நான் தொடவில்லை. கதவு, ஸ்பேனர் (மறுபடி ஒன்றை வேண்டுமென்றே தள்ளிவிட்டு, பத்திரமாக மேலே நின்று பதிந்தேன்), அத்தையின் "வேற வேலையே இல்லையா", மழைத்தண்ணீர்க் குழாய் எல்லாம் அந்த நாலுக்குள் தயாராக உட்கார்ந்திருக்கின்றன. தட்டத்தான் ஆள் இல்லை.

லேப்டாப்பையும் கொண்டு வா, அது ஒரு மூலையில் இருந்து வேடிக்கை பார்க்கட்டும். மேடையில் ஒரே பெட்டி, இரண்டு நாற்காலி. உன்னுடையதை என் இடது பக்கம் போடச் சொல்லியிருக்கிறேன்.

முழங்கையை எதிலும் ஊன்றாமல் இதை எழுதி முடித்த
மாமா
(கம்பெனி வந்து சேரும் வரை தற்காலிகமாக, மாமா மட்டும்)